இருபத்து மூன்றாம் நம்பருக்குக் குரல் கொடுத்தது யார்

திருப்போரூர்,
பிப்ரவரி 9, திங்கட்கிழமை.

இயக்குநர் திரு. கலைவாணன் அவர்களுக்கு,

ரெஜினா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஜெரோமும் உன் அம்மா சந்திரம்மா அத்தையும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதைத்தான் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவளம் வரை சுவர் சுவராக ஒட்டி வைத்திருக்கிறார்களே.

‘அன்புள்ள கலை’ என்றுதான் முதலில் எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதில் எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ பேசியதற்குப் பதில் இது. இருபதாம் தேதி நம் கல்லூரி விழாவுக்கு நீதான் சிறப்பு விருந்தினர் என்றாய். பழைய வகுப்புத் தோழி என்று நானும் மேடையேற வேண்டும், படத்தில் வருவதெல்லாம் நிஜமாகவே நடந்ததுதான் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் உன் உதவியாளர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அதனால்தான் காகிதம். இதை நீயே பிரித்து நீயே படிக்க வேண்டும்.

உன் படத்தை இரண்டாவது வாரமே பார்த்துவிட்டேன். ஜெரோம் டிக்கெட் எடுத்தார். நம் காலனிப் பையன் எடுத்த படம் என்று பெருமையாகத்தான் போய் உட்கார்ந்தேன். பாதிப் படத்திலேயே பாப்கார்ன் பொட்டலத்தை ஜெரோமிடம் கொடுத்துவிட்டேன்.

காலேஜ் படம் எடுக்கிற நீங்களெல்லாம் எங்கேயோ ஒரே கடையில் சாமான் வாங்குகிறீர்களா? தாடி வைத்த முப்பத்தைந்து வயதுக்காரன் இரண்டாம் வருஷம் படிக்கிறான். செங்கல்பட்டில் மார்ச் மாதம் மழை கொட்டுகிறது. கேன்டீனில் கண்ணாடி மேசை போட்டிருக்கிறீர்கள். நம் கேன்டீனில் தக்காளி சாதத்தைத் தவிர என்ன இருந்தது? ஒருவனும் பரீட்சை எழுதவில்லை, லேபுக்குப் போகவில்லை, கடைசியில் எல்லோரும் பாஸ். என்னிடம் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள், “மிஸ், காலேஜ்ல அட்டெண்டன்ஸே கேக்க மாட்டாங்களாமே?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

அதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். உன் ஹீரோவுக்கு அடையாற்றில் பங்களா, புல்லட் வண்டி. நீ எதில் வந்தாய்? திருப்போரூரிலிருந்து பஸ் பாஸில், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தாய். உன் அம்மாவும் என் அப்பா ஏசுதாஸும் ஒரே வயலில் கூலி வேலை பார்த்துத்தான் நம் இரண்டு பேரையும் படிக்க வைத்தார்கள். படத்தில் அந்தக் காலனி எங்கே? உன்னையே அழித்துவிட்டுத்தான் படத்தை ஆரம்பித்திருக்கிறாய். அது உன் இஷ்டம். ஆனால் நம் வகுப்புத் தமிழரசியை மட்டும் ஏன் அப்படியே வைத்தாய்?

அவள் ரோல் நம்பர் இருபத்து மூன்றை மாற்றவில்லை. கைப்பிடி உடைந்து சைக்கிள் டியூப் சுற்றிய அவள் கறுப்புக் குடையைக்கூட மாற்றவில்லை. கோவளத்தைத் தாண்டி இருக்கும் அவளுடைய குப்பத்திலேயே போய் ஷூட்டிங் எடுத்தாய், அவர்கள் படகையே வாடகைக்கு வாங்கினாய். முதல் காட்சிக்கு முன்னால் ‘உண்மைச் சம்பவம்’ என்று எழுத்துப் போட்டாய். குடையைப் பார்த்தவுடனே குப்பத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது யார் என்று தெரிந்துவிட்டது.

அந்த ப்ராக்ஸி காட்சி வந்தபோது தியேட்டர் அதிர்ந்தது. பேராசிரியர் நம்பர் நம்பராகக் கூப்பிடுகிறார். இருபத்து மூன்று வரும்போது உன் ஹீரோ பெண் குரலில் “ப்ரெசென்ட் சா...ர்” என்று இழுக்கிறான். பேராசிரியரின் விக் கழன்று விழுகிறது. அதே நேரத்தில் அந்தப் பெண் இன்னொருவனோடு மாமல்லபுரத்தில் ஊர் சுற்றுகிறாள். சொன்னால் வெட்கம், ஒரு நொடி நானும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஜெரோம், “ஏன் அழுற?” என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நரசிம்மன் சார் ஜோக்கர் இல்லை, கலை. அவர் ஜோக்கராக இருந்திருந்தால் தமிழரசியின் படிப்பு பிழைத்திருக்கும்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தே மாற்றினாயா, சொல்லிச் சொல்லி உனக்கே மறந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நாம் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, இதே பிப்ரவரி மாதம். தமிழரசி மூன்று நாள் கல்லூரிக்கு வரவில்லை. அவள் அம்மா மீன் ஏலத்துக்குப் போகிற நாட்களில் அவள் வராமல் இருப்பது வழக்கம் என்பதால் நாம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் அண்ணன் சிங்காரம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. சுனாமி அலை வந்த வருஷம் அத்தனை பேரில் தப்பித்தவர், சாதாரண ஒரு நாளில் போய்விட்டார். அவர்கள் ஊரில் ஒரு ஆள் கடலில் காணாமல் போனால் உடல் கிடைக்கிற வரைக்கும் யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள், ஊரைவிட்டு வெளியே போக மாட்டார்கள். எல்லாப் படகும் தேடப் போகும். வீட்டுப் பெண்கள் கரையிலேயே உட்கார்ந்திருப்பார்கள், அடுப்பு எரியாது. தமிழரசி மூன்று நாள் அந்த மணலில் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் காலையில் உடல் புதுப்பட்டினம் பக்கம் ஒதுங்கியது.

உன் படத்திலும் அவள் மூன்று நாள் கரையில் உட்கார்ந்திருக்கிறாள். சென்னைக்குப் போன காதலனுக்காக. ஒரு பாட்டு வேறு வைத்திருக்கிறாய்.

உனக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்தால் அந்தப் பாட்டை எடிட்டிலேயே வெட்டியிருக்க வேண்டாமா? பிணத்துக்காகக் காத்திருந்தவளை ஆளுக்காகக் காத்திருந்தவளாக ஆக்கிவிட்டாயே. அண்ணன் உடுத்தியிருந்த கைலியை வைத்துத்தான் அது அவர் என்று அவள் அடையாளம் சொன்னாள். அந்த ஊர்க்காரர்களிடம் படகு வாடகைக்குப் பேசினாயே, அந்தக் கரையில் அவள் எதற்கு உட்கார்ந்திருந்தாள் என்று ஒருவரும் உனக்குச் சொல்லவில்லையா? சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். யார் சொன்னது என்றும் தெரியும்.

மூன்றாவது நாள் வகுப்பில் நீ கொடுத்த குரலால்தான் நரசிம்மன் சார் தலை நிமிர்ந்தார். வகுப்பே சிரித்ததால் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வந்தபோது, சாவுக்கு எடுத்த லீவை மன்னிக்கலாம், ஆள் வைத்து ஏமாற்றியதை மன்னிக்க முடியாது, குரல் கொடுத்தவன் பெயரைச் சொன்னால் பார்க்கலாம் என்றார். அவளுக்குப் பெயர் தெரியாது. தெரிந்தால்தானே சொல்வாள்? மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். “நான் இன்னா சார் தப்பு பண்ணேன், எங்க அண்ணன் செத்துட்டாரு சார்” என்று சொல்லிவிட்டு எழுதாமல் வெளியே வந்துவிட்டாள். ஹால் டிக்கெட் வரவில்லை. அடுத்த வருஷம் வந்து எழுதலாம் என்றார்கள். அனுப்பி வைக்க அண்ணன் இல்லை. செப்டம்பரில் வசந்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் கெமிஸ்ட்ரியில் முதல் மார்க் எடுத்துக்கொண்டிருந்தவள் இன்றைக்குக் கோவளம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அதில் ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் அது அவள் தேர்ந்தெடுத்தது இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவள் மகள் அன்பரசி நம் கல்லூரியில்தான் முதல் வருஷம் படிக்கிறாள். நான்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துச் சேர்த்துவிட்டேன். பொங்கலுக்கு உன் படம் வந்தது. அடுத்த வாரமே ரீல்ஸில் அந்த “ப்ரெசென்ட் சார்” பரவிவிட்டது. அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பின்வரிசையில் எவனாவது பெண் குரலில் கத்துகிறான். “உங்கம்மா மாதிரி மாமல்லபுரம் வர்றியா?” என்று ஒருவன் பஸ் ஸ்டாப்பில் கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்தவள், “அம்மா, நீ அன்னிக்கு எங்க போன?” என்று தமிழரசியையே கேட்டுவிட்டாள். அதற்கு மறுநாளிலிருந்து கல்லூரிக்குப் போகவில்லை. இன்றோடு பத்து நாள். இன்னும் பதினைந்து நாள் இப்படியே போனால் இவளுக்கும் அட்டெண்டன்ஸ் போதாது, இவளுக்கும் ஹால் டிக்கெட் வராது. அம்மாவும் பெண்ணும் ஒரே கல்லூரியில் ஒரே குரலால் நின்றுபோவார்கள். அந்தக் குரல் உன்னுடையது.

வசந்த் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லையாம். சாப்பிட்டுவிட்டுப் படகுக்குப் போகிறார், வருகிறார். கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறாள் தமிழரசி.

இதற்குமேல் எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

யூடியூபில் உன் பேட்டி பார்த்தேன். பர்ஸிலிருந்து பழுப்பேறிய ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாய். அதில் 23 என்று எழுதியிருக்கிறது. ஒரு பொண்ணு கொடுத்தது, இருபது வருஷமாக வைத்திருக்கிறேன் என்றாய். லவ் லெட்டரா என்று பேட்டி எடுத்த பையன் கேட்டான். நீ சிரித்தாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புதான் அன்பரசியை வீட்டில் உட்கார வைத்தது. கத்தினவர்களை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்தச் சீட்டைத் தன் அம்மா கொடுத்தது என்று அவளும் நம்பிவிட்டாள்.

அது யார் எழுதினது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

தமிழரசி வராத நாட்களில் அவளுக்கு எப்போதும் நான்தான் குரல் கொடுப்பேன். தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, அவள் சொல்வது போலவே சொல்வேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. நம் வகுப்பில் எல்லோரும் எல்லோருக்கும் செய்ததுதான். அன்றைக்கு எனக்குச் சளி, தொண்டை கட்டிக்கொண்டு காற்றுதான் வந்தது. அதனால் அவள் நம்பரைச் சீட்டில் எழுதிப் பின் பெஞ்சுப் பெண்ணிடம் நீட்டினேன். நடுவில் நீ பிடுங்கிக்கொண்டாய். பிடுங்கினாய் சரி, அவளிடம் கொடுத்திருக்கலாம், இல்லை சும்மா இருந்திருக்கலாம். நாலு பேர் சிரிப்பார்கள் என்று குரலை மாற்றிக் கூவினாய்.

நரசிம்மன் சார் என்னையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் அறை ஜன்னலுக்கு வெளியே நீ நின்றுகொண்டு இரண்டு கையையும் கூப்பினாய். உன் பெயரைச் சொன்னால் உன் ஸ்காலர்ஷிப்பை நிறுத்துவார். காலனிப் பசங்களுக்கு வேறென்ன தெரியும் என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவார்கள். என் சீட்டு என்று தெரிந்தால் என்னுடையதும் போகும். சந்திரம்மா அத்தை அந்த வருஷம் காய்ச்சலோடு நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார். “தெரியாது சார்” என்று சொல்லிவிட்டேன். இரண்டே வார்த்தை. அந்த வயதில் உன்னைக் காப்பாற்றுவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஏன் என்று இப்போது எழுதி ஒன்றும் ஆகப் போவதில்லை. நீ படம் எடுக்கப் போனாய், நான் டீச்சர் ஆனேன். நம் இரண்டு பேர் படிப்புக்கும் அவள் படிப்பைக் கொடுத்துவிட்டோம்.

நேற்று கோவிலில் ஆராதனை முடிந்து நேராகத் தமிழரசி வீட்டுக்குப் போனேன். அன்பரசியைச் சமாதானப்படுத்தி அனுப்பலாம் என்று ஒரு நினைப்பு. டீச்சர் இல்லையா, அறிவுரை சொல்ல எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? போய் உட்கார்ந்தேன். தமிழரசி போனை எடுத்து உன் பேட்டியை ஓடவிட்டு, அந்தச் சீட்டு வருகிற இடத்தில் நிறுத்தி என் முன்னால் வைத்தாள்.

“இது உன் கையெழுத்துதானே? என் ரெகார்டு நோட்டுல பாதி நீதானேடி எழுதின. எனக்குத் தெரியாதா?” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் குரலை உயர்த்தாமலே கேட்டாள்.

“இருபது வருசமா என் வூட்டுக்கு வந்துகினு போயிகினு கீற. என் பொண்ணுக்குப் பேர் வச்சதே நீ. ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலியா உனுக்கு? அந்தாளு ஷூட்டிங்குக்கு வந்தப்ப நானே போய்ச் சொன்னேன், எங்க அண்ணன் ஒதுங்குற வரைக்கும் நான் உக்காந்திருந்த எடம் இதுதான்னு. நல்லா கேட்டுகினாரு. அப்பவும் சொல்லல, நான்தான் அன்னிக்குக் கூவினேன்னு. நீயும் சொல்லல. என்னை இன்னான்னு நெனச்சீங்க நீங்க ரெண்டு பேரும்?”

கேட்டுக்கொண்டாய் அல்லவா? கேட்டுவிட்டுத்தான் அந்த இடத்தில் கேமராவை வைத்தாய். சிங்காரம் அண்ணன் நமக்கு என்ன குறை வைத்தார்? கல்லூரி முதல் வருஷம் நம் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வஞ்சிரம் வறுத்துப் போட்டாரே. அவர் தட்டில் நீயும் கை வைத்துச் சாப்பிட்டாயே.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. “எனுக்கு ஒண்ணும் வாணாம். என் பொண்ணு காலேஜ் போவணும். அதுக்கு இன்னா பண்ணுவியோ பண்ணு” என்று சொல்லிவிட்டு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அன்பரசி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை அத்தை என்று கூப்பிடுகிற பெண், நேற்று நான் கிளம்பும்போது முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் கேள், கலை. இருபதாம் தேதி நான் மேடைக்கு வருகிறேன். நீ கேட்டபடியே நிஜமாக நடந்ததைச் சொல்கிறேன். சீட்டு எழுதியது நான், தமிழரசிக்கு அதில் சம்பந்தமே இல்லை, அந்த மூன்று நாளும் அவள் எங்கே இருந்தாள், நரசிம்மன் சார் கேட்டபோது நான் என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும். ஆசிரியை இப்படிச் செய்தாளா என்று என் பள்ளிக்கூடத்தில் பேசுவார்கள். பேசட்டும். பின்வரிசையில் கத்துகிற பையன்கள் எல்லோரும் அன்றைக்கு அந்த அரங்கத்தில்தான் இருப்பார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும்.

ஆனால் நான் சொன்னால் மட்டும் போதாது. நான் ஒரு டீச்சர், அவர்கள் கொட்டாவி விடுவார்கள். நீ சொன்னால் கைத்தட்டலை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பர்ஸில் வைத்திருக்கிற அந்தச் சீட்டை எடுத்துக் காட்டி, அன்றைக்குக் கூவினது நான்தான், அவள் தன் அண்ணன் உடலுக்காகக் கரையில் உட்கார்ந்திருந்தாள், நான் தெரிந்தே மாற்றி எடுத்தேன் என்று சொல். பொத்தாம்பொதுவாக வருத்தம் தெரிவிக்காதே, பேட்டி மாதிரி சுற்றி வளைக்காதே. ஒரு ஐந்து நிமிஷம். இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

நீ சொல்லாவிட்டால் உன் பெயரையும் சேர்த்து நானே சொல்வேன். மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அன்றைக்கு நரசிம்மன் சார் அறையில் சொல்ல வேண்டிய பெயரை இருபது வருஷம் கழித்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முன்வரிசையில் மூன்று நாற்காலி கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு தமிழரசிக்கும் அன்பரசிக்கும். தமிழரசி பார்க்கலாம் என்றாள். அன்பரசி வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்றாவது நாற்காலி சந்திரம்மா அத்தைக்கு. அவருக்கு மூட்டு வலி அதிகமாகிவிட்டது, ஜெரோம் ஆட்டோ வைத்து அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகன் மேடையில் பேசுவதை அவர் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லையாம். எந்தப் புடவை கட்டுவது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கோபத்தோடுதான் உனக்காக ஜெபம் பண்ணுகிறேன். அன்றைக்கு நான் அடைத்த தொண்டையைக் கர்த்தர் திறக்கட்டும். நீயும் அன்றைக்கு மாற்றிக் கொடுத்த குரலை விட்டுவிட்டு, இந்த ஒரு தடவை உன் சொந்தக் குரலில் பேசு. உன் அம்மா கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ரோல் நம்பர் பத்தொன்பது,
ஏ. ரெஜினா.